மாரடைப்புக்குப் பின் இதயத்திற்குள் நடப்பது என்ன?

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. நெஞ்சு வலி இல்லை. நடையும் பழையபடி ஆகிவிட்டது. "இனி எதற்கு இத்தனை மாத்திரை?" என்று வாப்பா கேட்கிறார். பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. இதற்கான விடை இதயத் தசையின் செல்களுக்குள் இருக்கிறது.

இழப்பு

இதயத் தமனி அடைபட்டால் சுமார் அரை மணி நேரத்தில் தசைச் செல்கள் இறக்கத் தொடங்கும். பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள் வரை அழியக்கூடும். அவை மீண்டும் போதிய அளவில் முளைப்பதில்லை. 25 வயதில்கூட ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்களே புதிதாகின்றன என்று சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தனர். 75 வயதில் இது 0.45 சதவீதம்தான்.

தழும்பு

இறந்த செல்களிலிருந்து கசியும் பொருட்கள் அபாயச் செய்தியாகின்றன. அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் வந்து சிதைவுகளை அகற்றுகின்றன. பிறகு 'டிஜிஎஃப்-பீட்டா' என்ற புரதம், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி கொலாஜன் நாரை உருவாக்கச் செய்கிறது. தழும்பு உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். இந்தத் தழும்பு தேவையானதே. இல்லாவிட்டால் இதயச் சுவர் கிழிந்துவிடும். ஆனால் தழும்பு சுருங்கி விரியாது. அதன் வேலையையும் மீதித் தசையே சுமக்க வேண்டும்.

உதவியே சுமையாகும்போது

இதயம் வலுவிழந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்க, அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின்-2, ஆல்டோஸ்டெரோன் ஆகியவை பெருகுகின்றன. நரம்புகள் நாரட்ரீனலினை வெளியிடுகின்றன. சில நாட்களுக்கு இவை இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் கதை வேறு.

ஆஞ்சியோடென்சின்-2 தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. 'வளர்' என்ற கட்டளை உட்கருவை எட்டுகிறது. செல் பருக்கிறது; பாதிக்கப்படாத பகுதியிலும் நார் படிகிறது. இடது கீழறை விரிந்து உருண்டை வடிவாகிறது. அறை விரிய விரியச் சுவரின் மீதான இழுவிசை கூடுகிறது. அந்த இழுவிசை அதை மேலும் விரியச் செய்கிறது. இதையே மருத்துவர்கள் 'இதய மறுவடிவமைப்பு' என்கிறார்கள். வலி எதுவும் இல்லாமலே இது நடக்கும் என்பதுதான் ஆபத்து.

மாத்திரையின் வேலை

1980-களில் மார்க் ஃபெஃபர், ஜானிஸ் ஃபெஃபர் தம்பதியர், கேப்டோபிரில் மருந்து இந்த விரிவைக் குறைப்பதை எலிகளிடம் கண்டனர். 1992-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், இதயத்தின் இறைப்புத் திறன் 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 2,231 நோயாளிகள் பங்கேற்றனர். கேப்டோபிரில் பெற்றவர்களிடம் மரண அபாயம் 19 சதவீதம் குறைந்தது. பீட்டா தடுப்பு மருந்துகள் நாரட்ரீனலினின் செய்தியையும், எப்லெரினோன் போன்றவை ஆல்டோஸ்டெரோனின் செய்தியையும் தடுக்கின்றன.

ஆகவே வாப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: வலி நின்றுவிட்டது, செல்களுக்குள் ஓடும் செய்தி நிற்கவில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு காலம் என்பதை எக்கோ பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வறட்டு இருமல், தலைச்சுற்றல் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. கால் வீக்கம், சில நாட்களில் திடீர் எடை கூடுதல், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.