கலைப்பீட மாணவரும் படியெடுத்தலின் வரலாறும்

இன்றைய பல்கலைக்கழக மாணவர் நூலைக் கைவிட்டுக் கைபேசியைப் பற்றிக்கொண்டனர் என்னும் முறைப்பாடு நம்மிடையே அடிக்கடி கேட்கின்றது. முறைப்பாடு செய்வோர் அக்கைபேசியிலே மாணவர் எதனை வாசிக்கின்றனர் என நோக்குவதில்லை. தமிழ்மொழி மூலம் பயிலும் கலைப்பீட மாணவர் ஒருவரின் கைபேசியினுள்ளே இருப்பவை பெரும்பாலும் முந்திய அணியினர் எழுதிய விரிவுரைக் குறிப்புக்களின் ஒளிப்படங்கள், பழைய வினாத்தாள்கள், நூல்களிலிருந்தும் சஞ்சிகைகளிலிருந்தும் வருடியெடுத்த பக்கங்கள் ஆகியனவே. யாவும் படிகள், சில படியின் படிகள். கற்றற் சாதனம் எதுவாயினும் அதிலே படிப்பதற்குரியதை மாணவரும் அவரையொத்த ஆர்வலருமே பெரும்பாலும் இட்டு நிரப்பிவந்துள்ளனர். இது கைபேசியுடன் தொடங்கிய நிலைமையன்று.

1960ஆம் ஆண்டளவிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பாடங்கள் சுயமொழிகளிற் கற்பிக்கப்படலாயின. விரிவுரை தமிழிலே நிகழ்ந்தது. நூல்களோ ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழைப் பாடமாகக் கற்றோருக்குப் பேராசிரியர் வி. செல்வநாயகத்தின் தமிழ் இலக்கிய வரலாறு (1951), பேராசிரியர் சு. வித்தியானந்தனின் தமிழர் சால்பு (1954) போன்ற நூல்கள் கைகொடுத்தன. பொருளியலையோ புவியியலையோ மெய்யியலையோ தமிழிற் கற்றவருக்கு அத்தகைய வாய்ப்பு அரிது. அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்கள் சிலவற்றையும் வெளியிட்டது. ஆயின், பல்துறைகளிலும் விரிந்துசென்ற பாடத்திட்டத்திற்கு அவை போதுமானவையல்ல. எனவே விரிவுரையாளர் சொல்ல மாணவர் எழுதிய குறிப்பே பாடநூலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அக்குறிப்பு றோணியோவில் உருட்டப்பட்டது. பின்னர் போட்டோக் கொப்பியாயிற்று. மூத்த மாணவரின் கொப்பியைப் பெற்றவர் பரீட்சையிற் பாதி வென்றவராகக் கருதப்பட்டார். குறிப்பை மனனஞ் செய்யும் வழக்கத்தைக் கண்டிப்போர், நூலில்லாத இடத்திலே அது தோன்றியது என்பதையும் மனங்கொள்ளுதல் வேண்டும்.

இருந்த நூல்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1974இலே வளாகமாகத் தொடங்கி 1979இலே தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவர், தம் நகரிலேயே இருந்த பெருந்தொகுதியொன்றை இழந்தனர். 1990களின் முற்பகுதியிலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் மின்கலங்களுக்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தலினுள்ளே சிறிது எண்ணெயும் பஞ்சுமிட்டு எரித்த விளக்கிலே மாணவர் படித்தனர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தொழினுட்பம் என்னும் சொல்லைக் கணினிக்கு மட்டும் உரித்தாக்குவோர் இந்த ஜாம் போத்தலையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வது நன்று.

இதே காலத்திலேதான் தென்னிலங்கையிற் பல்கலைக்கழகக் கணினி வலையமைப்பு உருவாகியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘லேர்ண்’ வலையமைப்பு 1990இலே மின்னஞ்சற் சேவையைத் தொடங்கியது. விஞ்ஞான, பொறியியல் மாணவருக்கு அது உலகைத் திறந்துவிட்டது எனலாம். தமிழிற் கற்ற கலைமாணவருக்கோ அதனாற் பெரும்பயன் விளையவில்லை. வலையமைப்பு வந்தது; அதிலே ஓடத் தமிழ்ப் பாடம் இருக்கவில்லை.

எழுத்துருச் சிக்கல் இதனோடு சேர்ந்துகொண்டது. ஒருங்குகுறியின் முதற் பதிப்பிலேயே (1991) தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டபோதிலும் நமது தட்டச்சு நிலையங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே கையாண்டன. பாமினி ஒரு வேடமேயன்றிக் குறியீடன்று. அதிலே ‘தமிழ்’ எனத் தட்டெழுதிய சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். இவ்வாறு தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகளும் விரிவுரைக் குறிப்புக்களும் எத்தனையோ உள. அவை கணினியில் இருந்தும் தமிழில் இல்லாதவை. தேடுபொறி அவற்றைத் தமிழென அறியாது.

படிப்பதற்குரியதை இணையத்தில் இட்டோர் இங்கும் ஆர்வலரே. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பிலே மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர், ஊதியமின்றி, பழந்தமிழ் நூல்களை வரிவரியாகத் தட்டெழுதினர். ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பரிசோதித்து அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணி இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்பதும் பொருத்தமான ஒற்றுமையே. 2005இலே ஈழத்து எழுத்துக்களுக்கென நூலகம் திட்டம் தோன்றியது. நூல்கள் மட்டுமன்றிச் சஞ்சிகைகள், செய்தித்தாள்கள், பாடசாலை மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என மற்றோர் ஒதுக்கியவற்றையும் அது சேர்த்தது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் பழைய இதழ்களை இன்று மட்டக்களப்பிலுள்ள மாணவர் ஒருவர் தம் அறையிலிருந்தே வாசிக்கலாம். இதனாற் கலைப்பீட ஆய்வுக் கட்டுரைகளின் தன்மையே மாறியுள்ளது. முன்னர் கொழும்புச் சுவடிக்கூடத்திற்குச் சென்று தங்க வசதியுள்ளவரே எடுத்துக்கொண்ட தலைப்புக்களை இப்பொழுது வசதியற்றோரும் எடுத்துக்கொள்கின்றனர். என் மதிப்பீட்டிலே, நமது உயர்கல்வியில் இணையம் செய்த மிகப்பெரிய மாற்றம் இதுவே.

ஆயினும் ஒரு குறை உண்டு. அப்பக்கங்களுட் பல படங்கள்; சொல்லைக் கொடுத்துத் தேட இயலாதவை. ஆங்கிலத்திற் கற்பவர் ஒரு சொல்லைத் தட்டி ஆயிரம் கட்டுரைகளைத் துழாவும்போது, நாம் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க இதழ் முழுவதையும் புரட்டவேண்டியுள்ளது. (புரட்டும்போது தேடாத பலவும் அகப்படுகின்றன என்பது வேறு விடயம்.) வினாவுக்கு விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் 2022இன் இறுதியிலிருந்து மாணவரிடையே பரவியபோதும் இக்குறையே மேலெழுந்தது. ஈழத்துச் சிற்றிதழொன்றைப் பற்றி அவற்றைக் கேட்டால் தயக்கமின்றித் தவறான விடை வருவதுண்டு. எழுத்தாக ஏறாததை அவை எவ்வாறு அறியும்?

2020 மார்ச்சிலே கொள்ளைநோயாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது லேர்ண் ஸூம் வசதியை வழங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகச் சேவையகங்களை இலவசமாக அணுக இடமளித்தன. ஆயின் மாணவர் குறிப்புக்களைப் பரிமாறியது வாட்சப் குழுக்களிலே. அதற்கான தரவுக் கட்டணம் அவர்தம் தலையிலே விழுந்தது. அவ்வாட்சப்பும் உறுதியான இடமன்று. 2018 மார்ச்சில் கண்டி வன்செயலின்போதும், 2019 ஏப்பிரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரல் 3ஆந் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022 மார்ச்சிலே தாளில்லாமல் மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. அம்மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரமும் இல்லை. அச்சும் திரையும் ஒரே மாதத்திற் கைவிட்ட அனுபவம் அது.

அவ்வேளையிலும் ‘குப்பி’ நிற்கவில்லை. மூத்த மாணவர் இளையோருக்குப் பரீட்சைக்கு முன் நடத்தும் வகுப்பிற்கு நம் பல்கலைக்கழகங்களில் வழங்கும் பெயர் அது. குப்பி விளக்கிலிருந்து வந்தது என்பர். இன்று குப்பி ஸூமிலே நடைபெறுகின்றது. ஒலிப்பதிவாகி அடுத்த அணிக்குச் செல்கின்றது. அங்கே விளக்கப்படும் குறிப்புக்களுட் சிலவற்றின் மூலம் எழுபதுகளின் றோணியோத் தாள்களே. அத்தாள்கள் நூலாக வெளிவந்தவையல்ல; ஆதலால் நூலகங்கள் பெரும்பாலும் அவற்றைச் சேர்த்துவைக்கவில்லை. ஓய்வுபெற்ற விரிவுரையாளரின் வீட்டு அலுமாரிகளிலே, மை மங்கி, துருப்பிடித்த ஊசிகளோடு அவை இருக்கின்றன. அவற்றுட் பலவற்றை இன்னும் எவரும் வருடியெடுக்கவில்லை.