குடிபெயர்ந்த குடும்பமும் இருமொழிப் பாடசாலையும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில் குண்டசாலைப் பகுதியிலே பல்லேகல என்னும் ஊர் இருக்கிறது. மத்திய மாகாண சபையின் காரியாலயங்களும், கைத்தொழிற் பேட்டை ஒன்றும், உலகறிந்த கிரிக்கெட் மைதானமும் இன்று அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்திருக்கின்றன. உத்தியோக மாற்றம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் குடும்பத்தோடு வருவோர் உளர். பல்லாண்டு அந்நிய நாட்டில் வாழ்ந்து திரும்புவோரும் உளர். வீடு அமர்வதற்கு முன்னரே இவர்களை வாட்டும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளையை எங்கே சேர்ப்பது? சர்வதேசப் பாடசாலையிலா, அரசாங்கப் பாடசாலையின் இருமொழிப் பிரிவிலா, முற்றிலும் தமிழில் நடக்கும் பாடசாலையிலா? சரித்திரம் பயின்று, பின்னர் அதிபர் பதவியில் அமர்ந்த எனக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றவில்லை. கண்டிச் சீமையில் அது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கேள்வி.

அக்கேள்வியைச் சந்தித்த குடும்பங்களுள் முதலில் நினைவுக்கு வருவது ஓர் அரச குடும்பமாகும். பல்லேகலவுக்கு அண்மையிலுள்ள குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்தவன் வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். மதுரையிலிருந்து மணமுடித்த அவனுக்குப் பட்டத்துக்குரிய மைந்தன் இல்லாமற்போகவே, 1739ஆம் ஆண்டில் அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். அவனுக்குப் பின் 1747இல் அவன் மனைவியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசெய்தினான். இந்நாயக்கர் குடும்பத்துச் சிறுவர்கள் வீட்டிலே ஒரு மொழியும் வீதியிலே வேறொரு மொழியுமாக வளர்ந்தவர்கள். அவர்களுடைய கல்வி வெலிவிட்ட சரணங்கர தேரரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்களமும் பாளியும் அவர்கள் பயின்றார்கள்.

பலன் யாது? 1753இல் சீயம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்தி ஸ்ரீயே. அவனுடைய தம்பி இராஜாதி ராஜசிங்கன் சிங்களத்திலே காவியம் இயற்றும் அளவுக்குப் புலமை பெற்றான். 'அசதிச தா கவ' அவன் பெயரால் வழங்குகின்றது. எனினும் இக்கதைக்கு மறுபுறமும் உண்டு. 1760இல் அரசனைக் கொல்லச் சதி ஒன்று நடந்தது. அவன் நெற்றியில் திருநீறு அணிவதை விடவில்லை என்பது பிரதானிகள் கூறிய குறைகளுள் ஒன்று. அச்சதியிலே அவனுடைய ஆசிரியராகிய சரணங்கர தேரரும் சந்தேகத்துக்கு ஆளானார் என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. வந்த ஊரின் மொழியைக் கற்பது வேண்டியதே. ஆயினும் அது ஒன்றே மனிதனை அவ்வூரானாக்கி விடுவதில்லை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை ஒட்டி, 1830களிலிருந்து அரசாங்கம் ஆங்கிலக் கல்விக்கு ஆதரவளித்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின; 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது; அதனோடு எழுதுவினைஞரும் புகையிரத உத்தியோகத்தரும் வந்தனர். 1854இல் புனித அந்தோனியார் கல்லூரி, 1872இல் திரித்துவக் கல்லூரி, 1887இல் தர்மராஜக் கல்லூரி, 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரி என அடுத்தடுத்துத் தோன்றிய கலாசாலைகள் இத்தகைய குடும்பங்களுக்கும் இடமளித்தன. உயர்ந்த பாடசாலை என்றால் ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கும் பாடசாலை என்பதே அக்காலக் கொள்கை. மகன் சேக்ஸ்பியர் படித்தான். பாட்டியின் கடிதத்தைப் படிக்க அவனுக்கு மற்றொருவர் துணை வேண்டியிருந்தது.

அதற்கு நெடுங்காலம் முன்னரே வேறொரு வழி வடக்கில் திறந்து கிடந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானியலும் படித்த மாணவர் தமிழிலக்கணமும் படித்தனர். 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே பயின்றவர்களே. ஆங்கிலம் கற்று உயர் உத்தியோகம் வகித்த தாமோதரம்பிள்ளை, ஏட்டிலே செல்லரித்துக் கிடந்த கலித்தொகையையும் வீரசோழியத்தையும் அச்சேற்றிய வரலாற்றை நேயர்கள் அறிவர். ஆங்கிலம் அவருடைய தமிழைத் தின்றுவிடவில்லை. இரண்டையும் ஆழமாகக் கற்றதே அதற்குக் காரணம் என்பது என் துணிபு.

அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் சமயப் பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று மிஷன் சபையார் குறைப்பட்டனர். கிராமங்களில் தாய்மொழிக் கல்வியே போதும் என்றும் தீர்மானித்தனர். நல்ல இருமொழிப் பாடசாலை ஒன்று தோல்வியினால் அன்றி, வெற்றியினாலேயே மூடப்பட்ட விந்தையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கண்டியில் தாய்மொழிக்கு மீண்டும் வாயில் திறந்தவர் திரித்துவக் கல்லூரியின் அதிபர் ஏ. ஜி. பிறேசர். 1904 முதல் 1924 வரை அப்பதவியை வகித்த அவர் ஸ்கொத்துலாந்துக்காரர். தம் மாணவர் தாய்மொழியில் எழுதப் படிக்க அறியாதிருப்பதைக் கண்டு சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்திற் சேர்த்தார். தாய்மொழி அறியாதவன் தன் மக்களுக்குத் தொண்டு செய்ய இயலாது என்பது அவர் கொள்கை. பெற்றோருக்குள்ளும் அதை விரும்பாதவர்கள் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். பின்னர் அவர் மேற்கு ஆபிரிக்காவின் அச்சிமோட்டாக் கல்லூரிக்கு முதல் அதிபராகச் சென்றார்.

கண்டி மலைகளுக்கு இடம்பெயர்ந்து வந்தவர்களுள் மிகப் பெருந்தொகையினர் இக்கல்லூரிகளின் படியை மிதித்தவர்கள் அல்லர். தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களைச் சொல்கிறேன். தோட்டப் பிள்ளைகளுக்கு ஓரளவு எழுத்தறிவளிப்பதைச் சட்டம் துரைமார்மீது சுமத்தியபோதிலும், கிடைத்தது பெரும்பாலும் ஓராசிரியர், ஒரு கொட்டகை, தமிழில் ஆரம்ப வகுப்புகள் என்ற அளவே. ஆங்கிலமும் இல்லை, அயற்கிராமத்துச் சிங்களமும் இல்லை. 1970களில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஒரு மொழிக்குள் மட்டும் அடைபடுவது ஆங்கிலம் மட்டுமே படித்தவனுக்கு அலங்காரமாயிற்று; தோட்டத்துப் பிள்ளைக்கோ அது பூட்டிய கதவாயிற்று.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்றாயிற்று. படிப்படியாக மேல்வகுப்புகளும் அவ்வழி சென்றன. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி எட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் வந்தபின், சிங்கள வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் வெவ்வேறு நாடுகள்போலாயின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்ததோடு, ஐந்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகள் திறப்பதையும் தடைசெய்தன.

இன்றைய சர்வதேசப் பாடசாலை பிறந்த வழி இங்கேதான் விளங்கும். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. விக்டோரியா அணை வேலைக்கு வந்த பிரித்தானியப் பொறியியலாளர் குடும்பங்களுக்கெனப் பல்லேகலவுக்கு அப்பால் திகனவில் வீடுகள் எழுந்தன. அதே அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் அமிழ, ஆயிரக்கணக்கான கிராமத்தவர் வேறிடம் போயினர். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி அத்துணைப் பேச்சு எழவில்லை. அணை 1985இல் திறக்கப்பட்டது. அக்காலத்திலேயே, 1982இல், கொழும்பு சர்வதேசப் பாடசாலை தோன்றியது. பின்னர் கண்டியிலும் இவ்வகைப் பாடசாலைகள் எழுந்தன. கல்விச் சட்டத்தின் கீழ்ப் புதிய பாடசாலை திறக்க வழியில்லாமையால், இவை கம்பனிகளாகப் பதிவு பெற்றன. ஆகவே அரசாங்கப் பாடசாலை போன்று கல்வி அமைச்சின் மேற்பார்வைக்கு இவை உட்பட்டவையல்ல. இவற்றுட் பல இங்கிலாந்துப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்பவை; சில உள்நாட்டுப் பாடத்திட்டத்தையும் ஆங்கிலத்தில் நடத்துபவை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக உள்நாட்டு உயர்தரப் பரீட்சையே நுழைவாயில் என்பதனால், இவ்வேற்றுமை சிறிதன்று.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும், அடுத்த ஆண்டில் தெரிந்தெடுத்த பாடசாலைகளின் ஆறாம் வகுப்பிலும் ஆங்கிலமொழி போதனை மீண்டும் தொடங்கியது. 2003இல் தேசிய கல்வி ஆணைக்குழு அதனை இருமொழிக் கல்வி என வகுத்தது. கணிதம், விஞ்ஞானம் முதலிய சில பாடங்கள் ஆங்கிலத்தில். சமயமும் சரித்திரமும் தாய்மொழியில். வட்டுக்கோட்டையின் சாயல் இதில் எனக்குத் தெரிகிறது. இதற்கு மற்றொரு பயனும் உண்டு. இருபிரிவும் உள்ள பாடசாலையில், ஆங்கிலத்தில் நடக்கும் கணித வகுப்பிலே சிங்களப் பிள்ளையும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர முடிகிறது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களுடைய வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களை நினைப்பவர், ஒரே வாங்கில் அமர்வதைச் சிறிய காரியம் என்று கருதமாட்டார்.

ஆயினும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. சிங்களப் பிரிவு மட்டுமே உள்ள பாடசாலையின் இருமொழி வகுப்பிலே தமிழ்ப் பிள்ளையைச் சேர்த்தால், அங்கே 'தாய்மொழி' எனப்படுவது சிங்களம். சரித்திரத்தையும் அப்பிள்ளை சிங்களத்திலேயே படிக்கும். சர்வதேசப் பாடசாலையில் தமிழ் என்பது வாரத்தில் ஒருசில பாடவேளை கொண்ட இரண்டாம் மொழியாக நின்றுவிடலாம். ஆகவே தமிழ்ப் பெற்றோர், தமிழ்ப் பிரிவும் இருமொழி வகுப்பும் ஒருங்கே உள்ள பாடசாலையையே முதலில் தேட வேண்டும் என்பேன். கண்டி நகரின் பழைய கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்ப் பிரிவு உண்டு. நாள்தோறும் பல்லேகலவிலிருந்து போய்வரும் நேரத்தை மட்டும் கணக்கிற் கொள்க. வெளிநாட்டிலிருந்து இரண்டோர் ஆண்டுக்கு வந்து மீளும் குடும்பத்துக்குச் சர்வதேசப் பாடசாலை பொருந்தும். அவர்கள் வீட்டில் தமிழ் வாசிக்கப் பழக்கினாற் போதும்.

பெற்றோர் பலர் கட்டணத்தையும் சீருடையையும் விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். தமிழுக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை, அதைக் கற்பிப்பவர் தமிழ்ப் பயிற்சி பெற்றவரா, இரண்டாம் மொழியாகச் சிங்களம் முறையாக நடக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொடங்கும் கணிதத்தைச் சாதாரணதரம் வரை அதே மொழியில் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார் என்பதை அதிபரிடம் நேரிலே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எம்மிற் பலர் சற்று யோசித்தே விடை சொல்வோம்.