தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் ஆறு

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டு மலைகளில் பிறக்கிறது நைஜர். அங்கிருந்து அட்லாண்டிக் கடல் சுமார் 240 கிலோமீட்டர்தான். நைஜரோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே சகாராவைப் பார்த்து ஓடும். டிம்பக்டு பக்கம் பாலைவன விளிம்பைத் தொட்டபின் தெற்கே வளையும். ஏறக்குறைய 4,180 கிலோமீட்டர் அலைந்துவிட்டு நைஜீரியாவில் அதே அட்லாண்டிக்கில் கலக்கும். இந்தச் சுற்று வழி வெளியுலக அறிஞர்களுக்குப் பிடிபட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இத்தனைக்கும் தொடக்கம் சரியாகவே இருந்தது. பாலைவனத்தைக் கடந்த சில இளைஞர்கள் முதலைகள் நிறைந்த ஓர் ஆற்றைக் கண்டார்கள், அது கிழக்கே ஓடியது என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். அது நைல் என்று அவர் நினைத்தது வேறு கதை. 12-ஆம் நூற்றாண்டில் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி வரைந்த வரைபடத்தில் அதே ஆறு மேற்கே திரும்பிவிட்டது. கடற்கொள்ளையரிடம் சிக்கிப் போப்பாண்டவருக்குப் பரிசாகப் போன லியோ ஆப்பிரிக்கானஸும் மேற்கு என்றே எழுதினார். 1550-இல் அவர் நூல் அச்சேறியதும் ஐரோப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

1796 ஜூலையில் ஸ்காட்லாந்து மருத்துவர் மங்கோ பார்க் செகூ நகரக் கரையில் நின்று, தண்ணீர் கிழக்கே போவதைக் கண்ணாரக் கண்டார். செகூ மன்னர் அவரை ஊருக்குள் விடவில்லை. வழிச்செலவுக்கு 5,000 சோழிகளைக் கொடுத்தனுப்பினார். அந்நாட்டில் சோழிதான் காசு. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி வணிகர் கைமாறிக் கைமாறி நைஜர் கரை வரை வந்திருக்கிறது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற சேதி மட்டும் அதுவரை லண்டன் போய்ச் சேரவில்லை!

பார்க்கின் பயணத்துக்கு வரைபடம் போட்டவர், முன்பு வங்காளத்தை அளந்த ஜேம்ஸ் ரென்னல். ஆறு தெற்குக் கடலுக்குப் போகாது என்று நம்பிய அவர், குறுக்கே ‘கோங் மலைகள்’ என்று நீண்ட தொடர் ஒன்றை நிறுத்தினார். மற்ற வரைபடக்காரர்கள் ஈயடிச்சான் காப்பி அடித்தார்கள்.

விடை தெரிந்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். கரீபியனில் கிரெனடா தீவுக் கரும்புத் தோட்டத்தை மேற்பார்த்த ஜேம்ஸ் மக்வீன், அங்கே அடிமைகளாக இருந்த நைஜர் கரைக்காரர்களிடம் விசாரித்தே ஆறு கினி வளைகுடாவில் விழுகிறது என்று கணித்து, 1821-இல் நூலாக வெளியிட்டார். அடிமை முறைக்கே வக்காலத்து வாங்கிய மனிதர் அவர். அந்த வளைகுடாவிலோ ஐரோப்பியக் கப்பல்கள் நெடுங்காலமாக நங்கூரமிட்டு, முதலில் அடிமைகளையும் பிறகு பனை எண்ணெயையும் ஏற்றிக்கொண்டிருந்தன. சதுப்புக் காட்டுக்குள் நைஜர் பல கிளைகளாகப் பிரிவதால், ஒவ்வொரு முகத்துவாரத்தையும் தனித்தனி ஆறு என்று எண்ணியே வணிகம் நடத்தினார்கள்.

1830-இல் ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் லேண்டரும் தம்பி ஜானும் நைஜர் கரை ஊரான புஸ்ஸாவிலிருந்து படகில் இறங்கி வந்தார்கள். வழியில் கொள்ளையரிடம் பிடிபட்டார்கள். மீட்புத்தொகை கிடைக்கும் என்று நம்பிய ஒரு கழிமுகத் தலைவர் அவர்களைக் கடல்வரை கொண்டுவந்து சேர்த்தார். அங்கே நின்ற ஆங்கிலக் கப்பல் தலைவனோ காலணாகூடத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டான். நூற்றாண்டுகளாகத் தேடிய முகத்துவாரம் கிடைத்தது இப்படி ஒரு பணத்தகராறின் நடுவே.

ரென்னலின் மலைகள் அப்போதும் அசையவில்லை. 1888-இல் பிரெஞ்சு அதிகாரி பேன்ஷே கோங் ஊருக்கே போய்ப் பார்த்தார். ஊர் இருந்தது, சந்தை இருந்தது, மலைத்தொடரைத்தான் காணோம். 20-ஆம் நூற்றாண்டிலும் சில அட்லஸ்கள் அதை அச்சிட்டுக்கொண்டிருந்தன.