கூப்பன் அரிசியும் கோதுமைமாப் பிட்டும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் எளிய இரவுணவு கோதுமைமாப் பிட்டு அல்லது பாண். துணைக்குச் சம்பலும் சொதியும். இதனைத் தொன்மரபென்று கருதுவோர் பலர். ஆயின், கோதுமை நம் வயல்களில் விளைவதன்று. இவ்வுணவின் வரலாறு தட்டுப்பாட்டின் வரலாறாகும்.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமைமா வீடுகளிற் பரவலாகப் புகுந்தது. பச்சைமா நீர்பட்டாற் பசையாகும். அவித்து அரித்தால் அரிசிமாப்போல உதிரும். இவ்வறிவே புதிய மாவைப் பழைய பிட்டாக்கியது.

1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர, ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1970களின் முற்பகுதியில் மாவும் அரிதாகவே, மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். மரவள்ளிக்கிழங்கு பசி தீர்த்தது. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. 2022இல் வரிசைகள் மீண்டன.

அரிசி அரசை அசைத்த கதையை நூல்கள் கூறும். அடுக்களையிற் பசியை வென்றோர் கதையை யார் கூறுவர்? எழுபதுகளின் வரிசையில் நின்ற அம்மம்மாமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டெழுதுதல் நம் கடன்.