காலும் கிளாம்பும்: பற்றுக்கருவிகளின் வரலாறு

தச்சுவேலைக்கெனத் தனித்தனிக் கிளாம்புகளை வாங்குதல் தேவைதானா? கருவிகளின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு.

ஆந்திரே ழாக்கோப் ரூபோ என்னும் பிரெஞ்சுத் தச்சரின் நூல் 1769 முதல் வெளிவந்தது. அது விவரிக்கும் வேலைமேசையில் பலகையை அழுத்திப் பிடிப்பது வளைந்த இரும்புத் தண்டு. மேசைத் துளையில் இட்டு மேலே தட்டினால் இறுகும். பின்புறம் தட்டினால் தளரும். திருகு இல்லை.

இந்தியத் தச்சரோ தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் பற்றிக்கொண்டு இழைத்தார். இன்றும் பலர் அவ்வாறே இழைக்கின்றனர். இதனைப் பின்தங்கிய நிலை எனக் கருதுவது பிழை. மேசைமுன் நிற்பவரின் கால்கள் உடலைத் தாங்குவதோடு நின்றுவிடுகின்றன. அவை செய்திருக்கக்கூடிய வேலையை இரும்பு ஏற்கிறது. உழைக்கும் உடலின் நிலையே கருவியை வேண்டுகிறது.

எனினும், பசையிட்ட பலகைகளை அது காயும்வரை காலால் அழுத்தியிருக்க இயலாது. அங்கே முறுக்கிய கயிறும் ஆப்பும் உதவின. திருகுக் கிளாம்பு அதே வேலையை எளிதாக்குகிறது. ஆகவே சில கிளாம்புகளை வாங்குதல் தகும். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்றென விற்கப்படும் தனிக்கருவிகளை மட்டும், கால், கயிறு, ஆப்பு மூன்றாலும் ஆகாத வேலை எதுவென்று கேட்ட பின்னரே வாங்க வேண்டும்.