வேற்றுக்கிரகவாசியாக ஆடுதல்: ஒரு மேசை விளையாட்டின் வரலாறும் அதன் நிழலும்

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியானபோது பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் புதிய வகை பிறந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்யும் என்பதைச் சொல்லாலேயே தீர்மானிப்பர்; ஐயம் எழும் இடங்களில் பகடை முடிவு சொல்லும். அதில் மனிதரல்லாத எல்ஃபுகளும் குள்ளர்களும் இருந்தனர். ஆயினும் அவர்களுக்கும் மனிதருக்குமான வேறுபாடு பெரும்பாலும் சில கூடுதல் திறன்களிலும் சில வரம்புகளிலும் அடங்கிவிட்டது. மனிதரல்லாத ஓர் உயிர் எப்படிச் சிந்திக்கும் என்ற கேள்வியை வலுவாக எழுப்பியவை அடுத்த சில ஆண்டுகளில் வந்த விளையாட்டுகளே.

அவற்றுள் முதலாவது 1975-இல் வெளியான ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’. அதை உருவாக்கிய எம். ஏ. ஆர். பார்க்கர் மொழியியலாளர். 1951-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தவர், இஸ்லாத்தைத் தழுவியவர், ஒரிகன் மாநிலத்துக் கிளாமத் பழங்குடியினரின் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர், உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல்கள் தந்தவர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர் படைத்த டெக்குமெல் என்னும் உலகத்துக்கு மொழிகள், எழுத்துமுறைகள், குலங்கள், கோயில்கள், சட்டங்கள் எல்லாம் இருந்தன. புதிதாக ஆட வருபவரின் பாத்திரம், படகிலிருந்து இறங்கி ஜகல்லா நகரின் அயலார் குடியிருப்பில் தங்கும் வெளிநாட்டவராகவே தொடங்கும். அந்நாட்டு வழக்கங்களை அறியாத அந்நியர் முதலில் ஆடுபவர்தாம்.

டெக்குமெலின் வரலாறு மேலும் கூர்மையானது. விண்வெளி கடந்து வந்த மனிதர் அக்கோளைத் தமக்கேற்ப மாற்றியமைத்தனர். அதன் பூர்வகுடிகளான ஸ்ஸு, ஹ்லூஸ் ஆகிய இனங்கள் ஒதுக்குப்புற நிலங்களுக்குள் தள்ளப்பட்டன. பின்னாளில் எல்லை உடைத்து வெளிவந்த அவர்கள் மனிதரைத் தீராப் பகைவராகக் கருதினர். அந்தப் பகை வெறும் அரக்க குணமன்று. நிலம் இழந்தோரின் நினைவு. பார்க்கர் ஆய்வு செய்த கிளாமத் மக்களின் பழங்குடி அங்கீகாரத்தை நீக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1954-இல் நிறைவேற்றியது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

1977-இல் கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட, மார்க் மில்லர் வடிவமைத்த ‘ட்ராவலர்’ இக்கேள்வியை வேறு வழியில் அணுகியது. 1984 முதல் ஒவ்வொரு வேற்றுக்கிரக இனத்துக்கும் தனி நூல் வந்தது. நாய்களின் வழிவந்த வார்கர் இனத்தாரைப் படைக்கும்போது, மனிதப் பாத்திரங்களுக்குரிய ‘சமூக நிலை’ என்னும் அளவு நீக்கப்பட்டு, அதனிடத்தில் ‘கவர்ச்சி’ வைக்கப்பட்டது. அவர்களிடையே பிறப்புவழி உயர்வுக்கு மதிப்பில்லை; இன்று யாரைப் பின்தொடரக் கூட்டம் விரும்புகிறதோ அவரே தலைவர். ஒரேயொரு அளவுகோலை மாற்றியதன் மூலம் ஒரு சமூகத்தின் இயக்கமே மாறிவிட்டது.

கிக்ரீ இனம் இதைவிடத் தெளிவான சான்று. இவர்கள் மந்தையாக வாழும் தாவர உண்ணிகள். தனிமையும் மூடிய இடமும் இவர்களுக்குத் தாங்கவொண்ணாதவை; புலால் உண்போர் அருவருப்புக்குரியோர். இந்த மூன்று நிபந்தனைகளிலிருந்தே யாவும் பிறக்கின்றன. இவர்களின் விண்கலங்கள் பரந்த வெளிகளாக அமைகின்றன. கிக்ரீயாக ஆடுபவர் தனியொருவராகப் பயணம் செய்வதில்லை. குடும்பமும் பணியாளரும் உடன்வருவர். தோழர்கள் குறுகிய சுரங்கவழியில் தப்பியோட முடிவெடுக்கும் கணத்தில் அவர் வாயிலில் நின்றுவிடுகிறார். வேற்று உயிரை நம்பவைப்பது அந்தத் தயக்கமே. குரலை மாற்றிப் பேசுவதோ விசித்திர உடலை வருணிப்பதோ அன்று. வாழ்நிலையிலிருந்து வழக்கத்தையும், வழக்கத்திலிருந்து முடிவையும் வருவிக்கும் இம்முறை இனவரைவியலுக்கு மிக அண்மையானது.

இனவரைவியலின் பழைய பிழையும் இதனுடனேயே வருகிறது. ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணத்தைக் கற்பித்துவிட்டால், அதன் ஒவ்வொரு உறுப்பினரும் அக்குணத்தின் நகலாகிவிடுகிறார். காலனியகால ஆவணங்கள் சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று வகைப்படுத்தியதும் இதே தருக்கத்தால்தான். நல்ல ஆட்டக்காரர் விதியை அறிந்தபின் விலகலைத் தேடுவார். தனிமையைத் தாங்கப் பழகிய கிக்ரீ ஒருவர் உண்டெனில், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? அக்கேள்விக்கு விடை தேடும்போதே இனத்தின் மாதிரி ஒரு தனியாளாகிறது.

இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் பார்க்கர் 2012-இல் மறைந்து பத்தாண்டுகள் கழித்துப் பரவலாகத் தெரியவந்தது. 1991-இல் புனைபெயரில் வெளியான, யூத வெறுப்பு நிறைந்த ‘சர்ப்பன்ட்ஸ் வாக்’ என்னும் நவநாஜி நாவலை எழுதியவர் அவரே என்பதை, டெக்குமெல் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளை 2022-இல் உறுதிப்படுத்தியது. நாஜிகள் நிகழ்த்திய யூத இனப்படுகொலையை மறுக்கும் இதழொன்றின் ஆலோசனைக் குழுவிலும் அவர் பெயர் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. நிலமிழந்த ஸ்ஸுக்களின் சினத்துக்குக் காரணம் கற்பிக்கத் தெரிந்த ஒருவர், அண்மை வரலாற்றில் அழிக்கப்பட்ட மக்களுக்கு எதிராக எழுதினார்.

பிறரை அறிவது பிறர்மீது பரிவை வளர்க்கும் என்ற நம்பிக்கை மானுடவியல், மொழியியல், இலக்கியம் ஆகிய துறைகள் யாவற்றிலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. பார்க்கரின் வாழ்க்கை அந்நம்பிக்கையைக் குலைக்கிறது. கற்பனை இனம் எதிர்த்துப் பேசாது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் திருத்தும்படி கேட்காது. உயிருள்ள மக்கள் அதைக் கேட்பார்கள். வேற்றுக்கிரகவாசியை நம்பத்தகுந்தவாறு படைப்பதற்கு நுண்ணறிவும் உழைப்பும் போதும். அண்டை மனிதரின் மறுமொழிக்குச் செவிகொடுப்பது அத்திறனோடு தானாக வந்துவிடுவதில்லை.