ஹிர்ஸ்பெல்டின் ஆலோசனை அறை

ஆணுடலிற் பிறந்து தம்மைப் பெண்ணென உணர்ந்தோரின் மனத்தைத் திருத்துவதே வைத்தியம் என மேலைநாட்டு மருத்துவர் பலர் கருதிய காலத்தில், மக்னஸ் ஹிர்ஸ்பெல்ட் 1919இல் பேர்லினிற் பாலியல் விஞ்ஞான நிறுவனத்தைத் தொடங்கினார். நாடிவந்தோர் தம்மைப்பற்றிக் கூறியவற்றுக்கு அவர் பெருமதிப்பளித்தார். இயல்பை மாற்றுதலன்று, அவ்வியல்போடு வாழ வழிசெய்தலே அவர் கண்ட சிகிச்சை.

உணர்ந்த பாலுக்குரிய உடையில் வெளிச்செல்வோர் கைதாகாதிருக்கப் பொலிசாரின் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது; அதற்கான மருத்துவச் சான்றையும் அவர் வழங்கினார். அறையிற் பெற்ற ஆறுதல் வீதியிற் பறிபோயின் பயன் யாது? எனினும், ஒருவர் தம்மை அறிந்தமைக்கு வைத்தியரின் ஒப்பம் தேவைப்பட்டமை அம்முறையின் குறையே.

1933 மே 6ஆந் திகதி நாசி மாணவர் நிறுவனத்தைச் சூறையாடினர். சூறையாடியோர் கல்வி கற்போர் என்பதே கசப்பான செய்தி. நான்கு நாட்களின் பின் அதன் நூல்கள் தீக்கிரையாயின. வெளிநாட்டிலிருந்த ஹிர்ஸ்பெல்ட் தாயகம் திரும்பாமலே 1935இற் பிரான்சிற் காலமானார்.